பி.டி. டீச்சர் பதில்கள்: பந்தும் பருவமும்

பதின்பருவத்துக்குள் நுழையும் பிள்ளைகளின் விளையாட்டு, உடல், பருவமாற்றம் பற்றி வாசகர்கள் கேட்டிருந்தார்கள். தென்மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து, வாலிபாலும் வளரிளம் பருவ நலமும் சொல்லித் தருபவர் பதில் தருகிறார். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி வாலிபால் டீமில் இருக்கிறாள். போன மாதம் பெரியவளானாள். சடங்கு முடிந்த கையோடு, "இனி குதிக்கக் கூடாது, கர்ப்பப்பை இறங்கிவிடும்" என்று என் மாமியார் விளையாட்டை நிறுத்தச் சொல்கிறார். மகள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. என்ன செய்யட்டும்?
(ஒரு தாய், சாத்தூர்)

விளையாட அனுப்புங்கள் அம்மா. குதிப்பதால் கர்ப்பப்பை இறங்காது. தசைநார்களும் இடுப்புத் தளத் தசைகளும் அதை உறுதியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிற்காலத்தில் சில பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்குவது உண்மைதான். பல பிரசவங்கள், வயது முதிர்வு, வருஷக்கணக்கான இருமல், பாரம் தூக்கும் வேலை இவையெல்லாம் அதற்குக் காரணமாகலாம். பதின்மூன்று வயதுப் பெண் ஒரு ஸ்மாஷுக்குக் குதிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் மாமியார் தன் காலத்தில் அப்படி அவதிப்பட்ட பெண்களைப் பார்த்திருப்பார். அந்தப் பயத்தைக் குறைசொல்லாதீர்கள். காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருநாள் சாயங்காலம் அவரையும் மைதானத்துக்கு அழைத்துவந்து பேத்தி ஆடுவதைப் பார்க்க வையுங்கள்.

மாதவிடாய் நாட்களில் விளையாடலாமா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். தாராளமாக விளையாடலாம். லேசாக ஓடி ஆடினால் பலருக்கு அடிவயிற்று வலி குறையவே செய்கிறது. அன்றைக்கு முடியவில்லை என்று அவளே சொன்னால் உட்காரட்டும், ஸ்கோர் எழுதட்டும். முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும். நான் என் மாணவிகளிடம் காரணம் கேட்பதில்லை. "இன்னிக்கு ஸ்கோர் எழுதறேன் மிஸ்" என்றால் சரி என்று நோட்டைக் கொடுத்துவிடுவேன்.

பையில் எப்போதும் இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, உபயோகித்த நாப்கினைச் சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள் இருக்கட்டும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்ற வேண்டும். துணி உபயோகிப்பதில் தவறில்லை. சோப்புப் போட்டு அலசி, மறைவாகப் பரணில் போடாமல் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்குவதை யாராவது பார்ப்பார்களே என்ற கூச்சத்தால் ஈரத் துணியையே மறுபடி வைத்துக்கொண்டு, அரிப்பும் புண்ணுமாக வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு நாப்கின் இலவசமாகவே தருகிறார்கள். கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

முதல் ஓரிரு வருஷம் தேதி முன்பின்னாக வரும். 21 நாளிலும் வரலாம், 45 நாளும் ஆகலாம். அதற்காக வைத்தியம் பார்க்க வேண்டாம். ஆனால் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது சில மணி நேரம் தொடர்ந்தாலோ, ஏழு நாளுக்கு மேல் போனாலோ, வலியால் மாதாமாதம் பள்ளிக்கு மட்டம் போட நேர்ந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். உடன் படிக்கும் தோழிகள் எல்லோரும் ஆகியும் 15 வயது முடிந்து ஆகாத பெண்ணையும் காட்ட வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது ரத்தசோகைக்காகத்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு செட் ஆடியதும் மூச்சு வாங்கி, தலைசுற்றி உட்காரும் பெண்ணிடம் முதலில் "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பேன். பாதிப் பேர் "டீ" என்பார்கள். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, ஜன்னலுக்கு வெளியே போடுகிறாளா என்று விசாரியுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போடட்டும். அதோடு டீ, காபி வேண்டாம், சத்து உடம்பில் சேராது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை, ஒரு நெல்லிக்காய் எல்லாம் உங்கள் ஊரிலேயே கிடைக்கும்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்துவிட்டு இந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பில் அறுபது பிள்ளைகள், நல்ல பந்து இரண்டே இரண்டு. வாலிபாலை எங்கிருந்து தொடங்குவது?
(உடற்கல்வி ஆசிரியர், தருமபுரி மாவட்டம்)

ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய கல்லூரியில் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள் தம்பி. பாடம் உங்களுக்குத் தெரியும். அறுபது பேர், இரண்டு பந்து என்ற நிலைமைக்கு மட்டும் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதல் வாரம் பந்தே வேண்டாம். நிற்கக் கற்றுக்கொடுங்கள். கால்கள் தோள் அகலம், ஒரு கால் அரையடி முன்னே, முழங்கால் மடங்கி, உடம்பின் பாரம் முன்பாதத்தில். நீங்கள் கை காட்டும் பக்கம் காலைப் பின்னாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். இந்த ஆட்டத்தில் பந்தைப் பிடிக்க முடியாது, நிறுத்தி வைக்க முடியாது. பந்து வருமுன் ஆள் அங்கே இருந்தாக வேண்டும். முதலில் நகர்வு, பிறகுதான் அடி என்பது காலில் ஏறிவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

அடுத்து அண்டர் ஆர்ம் பாஸ். ஒரு கையை இன்னொரு கைமேல் வைத்து, இரண்டு கட்டைவிரலும் இணையாக முன்நோக்கி நீட்டி, முழங்கையை மடக்காமல் பூட்டச் சொல்லுங்கள். மணிக்கட்டுக்கு மேலே தட்டையான முன்கையில்தான் பந்து பட வேண்டும். கைமுஷ்டியில் பட்டால் பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தவறு கையை வீசுவது. பந்தைத் தூக்குவது கால்தான், முழங்கால் நிமிர்வதால் வரும் விசைதான், கை வெறுமனே பலகை. கை தோள் உயரத்துக்கு மேல் போனால் அது வீச்சு என்று சொல்லிவிடுங்கள், அவர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள்.

பந்துக்கு வழி இருக்கிறது. கடையில் விற்கும் லேசான பிளாஸ்டிக் பந்து பத்து வாங்குங்கள். புதுப் பந்து பட்டு முன்கை சிவந்ததும் பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிடும். அந்தப் பயம் வந்தபின் கையை மடக்காதே என்று சொல்லிப் பயனில்லை. வாலிபால் 260 முதல் 280 கிராம்தான், ஆனாலும் பன்னிரண்டு வயதுக் கைக்கு அது கனம். நல்ல பந்திலும் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். நெட்டை அதிகாரபூர்வ உயரத்தில், அதாவது ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டரில் கட்ட வேண்டாம். பிள்ளைகள் கையை உயர்த்தினால் விரல்நுனி தொடும் உயரத்தில் ஒரு கயிறு போதும். 9 மீட்டர் அகலக் களத்தை மூன்றாகப் பிரித்தால் மூன்று சிறு களங்கள், ஒவ்வொன்றிலும் மூவருக்கு மூவர். பதினெட்டுப் பேர் ஆடும்போது பதினெட்டுப் பேர் சுவரில் அடித்துப் பழகட்டும், சிலர் நடுவராகட்டும், சிலர் பந்து பொறுக்கட்டும். விசிலுக்கு எல்லோரும் மாற வேண்டும். ரொட்டேஷன், அதாவது ஆட்டக்காரர்கள் முறைப்படி இடம் மாறுவது, என்றால் என்னவென்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று. பந்து வரும்போது "என் பந்து!" என்று கத்தியே தீர வேண்டும். கத்தாமல் எடுத்த பந்துக்குப் புள்ளி கிடையாது என்று ஆரம்பத்தில் நான் விதி வைப்பேன். பெண்பிள்ளைகளுக்கு இது ஸ்மாஷைவிடக் கடினம். வகுப்பில் "உள்ளேன் ஐயா"கூட முணுமுணுக்கும் பிள்ளை, மைதானத்தில் எல்லோர் காதிலும் விழும்படி "என் பந்து" என்று உரிமை கொண்டாடப் பழக வேண்டியிருக்கிறது. மாதக்கணக்காகும். விடாதீர்கள். "வேண்டாம்", "தொடாதே" என்று ஒருநாள் அவள் உரக்கச் சொல்ல நேர்ந்தால் அந்தக் குரல் எழும்ப வேண்டும். பள்ளியில் அதைப் பழக வேறு பீரியட் இல்லை.

வாலிபால் ஆடினால் உயரமாக வளரலாமா?
(ஏழாம் வகுப்பு மாணவன், அரியலூர்)

உயரமானவர்கள் வாலிபாலுக்கு வருகிறார்கள், வாலிபால் யாரையும் உயரமாக்குவதில்லை கண்ணு. பெற்றோரின் உயரம், சாப்பாடு, தூக்கம், இவைதான் கணக்கு. பையன்களுக்கு வேகமான வளர்ச்சி பெரும்பாலும் 13, 14 வயதில்தான் வரும். உன் வகுப்புப் பெண்கள் இப்போது உன்னைவிட உயரமாக இருப்பார்கள், அவர்களுக்கு அது முன்னாலேயே வந்துவிடும். குட்டையாக இருப்பவர்களுக்காகவே 1998-ல் லிபரோ என்ற ஓர் இடத்தை உண்டாக்கினார்கள் என்று சொல்லும் அளவுக்கு, பின்களத்தில் தாழ்ந்து பந்தெடுப்பவர்களுக்கு மதிப்பு உண்டு. அண்டர் ஆர்ம் பாஸை நன்றாகப் பழகு.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். சில நாள் தூக்கத்தில் விந்து வெளியேறிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டிய நோட்டீஸில் அது நரம்புத் தளர்ச்சி என்றும், ஒரு துளி விந்து பல துளி ரத்தத்துக்குச் சமம் என்றும் போட்டிருந்தது. என் ஜம்ப் குறைந்ததுபோல் இருக்கிறது. மார்பிலும் ஒரு பக்கம் கட்டிபோல வலிக்கிறது. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம், மதுரை)

தம்பி, உனக்கு எந்த நோயும் இல்லை. இதை எழுதிக் கேட்டாயே, ரொம்ப நல்ல காரியம் செய்தாய்.

உன் வயதில் உடம்பு விந்தை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. சில இரவுகளில் தூக்கத்தில் அது தானாக வெளியேறும். சிலருக்கு அடிக்கடி, சிலருக்கு அபூர்வமாக, சிலருக்கு வராமலும் போகலாம். மூன்றுமே சரிதான். ரத்தத்துக்கும் விந்துக்கும் அந்த நோட்டீஸ் போடும் கணக்குப் பொய். விந்து ரத்தத்திலிருந்து காய்ச்சி எடுக்கப்படுவதில்லை. சுய இன்பத்தாலும் நரம்பு தளராது, முகம் ஒடுங்காது, ஆண்மை போகாது. அது தனிமையில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம், அவ்வளவே. பயந்த பையன்களிடம் பணம் பிடுங்கவே அந்த நோட்டீஸை ஒட்டுகிறார்கள். அதில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்யாதே. அந்த லேகியம், மாத்திரை எதையும் வாங்காதே.

மார்பில் காம்புக்குப் பின்னால் சின்னக் கட்டிபோல் வலிப்பது உன் வயதுப் பையன்கள் பலருக்கு வருவது. ஹார்மோன் மாற்றம்தான் காரணம். பெரும்பாலும் ஓரிரு வருஷத்தில் தானாக அடங்கிவிடும். ரொம்பப் பெரிதாகிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்டு. குரல் உடைவது, ஒரு விதை மற்றதைவிடக் கொஞ்சம் கீழே தொங்குவது, முகத்தில் பரு, எல்லாம் இந்தப் பருவத்தின் வேலை.

ஜம்ப் குறைந்ததாகத் தோன்றுவதற்கு வேறு காரணம் இருக்கும். கால் எலும்பு கிடுகிடுவென நீளும்போது தசை அதன் அளவுக்கு இன்னும் பழகியிருக்காது. சில மாதம் கை கால் சொன்னபடி கேட்காது. என் மாணவர்களில் நல்ல ஸ்மாஷ் அடிப்பவர்களே ஒன்பதாம் வகுப்பில் தடுமாறி, பத்தாம் வகுப்பில் திரும்பிவிடுவார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டும் இடத்தில் வலித்தால் குதிப்பதைக் குறைத்துக்கொண்டு உன் சாரிடம் சொல்.

நீ கேட்காததையும் சொல்கிறேன், எல்லாப் பையன்களும் தெரிந்துகொள்ள வேண்டும். விதையில் திடீரென்று கடும் வலி வந்து, வாந்தி வருவதுபோல் இருந்தால், அடிபட்டதோ இல்லையோ, வெட்கப்படாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். "காலையில் பார்ப்போம்" என்று படுத்திருந்தால் விதையையே எடுக்க வேண்டி வரும். வீட்டில் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டிய வலி அது.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு அறிவியலில் "வளரிளம் பருவமடைதல்" பாடம் வந்தாலே பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆசிரியர்கள் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள்? ஆண், பெண் பிள்ளைகளைப் பிரிக்க வேண்டுமா?
(அறிவியல் ஆசிரியை, திருவண்ணாமலை)

தாண்டிவிடாதீர்கள் டீச்சர், கெஞ்சிக் கேட்கிறேன். பள்ளியில் இதைச் சொல்லாவிட்டால் பையில் இருக்கும் செல்போன் சொல்லும். அது சொல்வது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

நான் வகுப்பறையில் எடுப்பதில்லை. ஆடி முடித்து, வியர்வையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தொடங்குவேன். பத்து நிமிஷத்துக்கு முன்வரை தோள், இடுப்பு, முழங்கால் என்று உடம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகக் கர்ப்பப்பை, ஆண்குறி, விதைப்பை என்று பெயர் சொல்லும்போது சிரிப்பு ஒரு நிமிஷம் எழும், அடங்கிவிடும். சிரிப்பை அதட்டாதீர்கள். அது கூச்சம், மரியாதைக் குறைவு இல்லை. நீங்கள் முகம் மாறாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனால் அவர்களும் வந்துவிடுவார்கள்.

கேள்விப் பெட்டி வையுங்கள். அதில் ஒரு விதி முக்கியம். எல்லோரும் சீட்டுப் போட வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் "கேள்வி இல்லை" என்று எழுதிப் போடட்டும். இல்லாவிட்டால் எழுதுகிறவர்கள்மேல் எல்லோர் கண்ணும் விழும். சீட்டுகளை அங்கேயே பிரிக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்து, ஒரேமாதிரியானவற்றைச் சேர்த்து, அடுத்த பீரியடில் பதில் சொல்வேன். தெரியாததை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வருவேன். சில சீட்டுகளில் கேள்வி இருக்காது, வீட்டில் நடக்கும் கொடுமை இருக்கும். அதற்காகவே நான் இந்தப் பெட்டியை நிறுத்துவதில்லை.

பிரிப்பது பற்றி: முதல் இரண்டு வகுப்பைப் பிரித்து எடுக்கிறேன், அப்போதுதான் வாயைத் திறக்கிறார்கள். பையன்களுக்கு ஆண் ஆசிரியர் ஒருவரும் உடன் இருப்பார். ஆனால் பாடம் இரு பக்கமும் ஒன்றுதான். மாதவிடாய் என்றால் என்ன என்று பையன்களுக்கும், தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயல்ல என்று பெண்களுக்கும் தெரிய வேண்டும். பிறகு எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்து மரியாதை, சம்மதம், படம் எடுத்துப் பரப்புவது, காதல் என்ற பேரில் மிரட்டுவது பற்றிப் பேசுகிறோம். ஒன்பதாம் வகுப்புக்குச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 18 வயதுக்குக் குறைந்தவரின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை.

கர்ப்பம் எப்படி உண்டாகிறது, பாலியல் நோய்கள் எப்படிப் பரவுகின்றன, ஆணுறை எதற்கு என்பதையும் ஒன்பதாம் வகுப்பில் நேரடியாகச் சொல்ல வேண்டும். சுற்றிவளைத்துச் சொன்னால் முத்தம் கொடுத்தாலே கர்ப்பமாகும் என்று நம்பிக்கொண்டு, மாதக்கணக்கில் பயந்து சாகும் பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் சொல்லுங்கள், 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பதுதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது. நாங்கள் படிக்காமலா குடும்பம் நடத்தினோம்?
(ஓய்வுபெற்ற அலுவலர், கும்பகோணம்)

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. 2007-லும் இதே கவலையில்தான் பல மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்தின. ஆனால் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தக் கல்வியால் பிள்ளைகள் சீக்கிரம் உடலுறவுக்குப் போவதில்லை என்றே சொல்கிறது. உங்கள் காலத்தில் பிள்ளைகள் கெடவில்லை என்கிறீர்கள். அந்தக் காலத்துப் பாட்டிகளிடம் தனியே உட்கார்ந்து பேசிப் பாருங்கள் ஐயா. முதல் ரத்தத்தைப் பார்த்துச் சாகப்போகிறோம் என்று நினைத்தவர்கள், கல்யாண இரவில் நடுங்கியவர்கள், மாமா தொட்டதை யாரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விழுங்கியவர்கள் எத்தனை பேர். அவர்கள் குடும்பம் நடத்தினார்கள், உண்மை. அப்படி நடத்த வேண்டிய நிலை என் மாணவிகளுக்கு வர வேண்டாம்.

குதித்து விளையாடினால் கன்னித்திரை கிழிந்து கல்யாணத்தில் பிரச்சினை வரும் என்று அக்கா சொல்கிறாள். உண்மையா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்)

அது யோனி வாயிலில் இருக்கும் மெல்லிய சவ்வு பாப்பா. எல்லோருக்கும் ஒரேமாதிரி இருக்காது. சிலருக்கு இருப்பதே தெரியாது. வளர வளர அது தானாகவும் விரியும். அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டாளா இல்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அப்படிச் சோதிப்பதையே ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில்கூட இரு விரல் பரிசோதனை செய்தால் அது தவறான நடத்தை என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. நீ சைக்கிள் ஓட்டு, குதி, டைவ் அடித்துப் பந்தெடு. அக்காவிடமும் இதைப் படித்துக் காட்டு, அவளுக்கும் யாரோ அப்படிச் சொல்லித்தான் பயமுறுத்தியிருப்பார்கள்.

என் மகள் தனியார் பயிற்சி ஒன்றுக்குப் போகிறாள். ஸ்மாஷ் சொல்லித் தரும்போது கோச் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுகிறாராம். "எனக்குப் பிடிக்கலைப்பா" என்கிறாள். பயிற்சியில் இதெல்லாம் சகஜம் என்கிறார்கள். அப்படியா?
(ஒரு தந்தை, கோயம்புத்தூர்)

இல்லை. வாலிபாலில் அதற்குத் தேவையே கிடையாது.

1895-ல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியதே கூடைப்பந்துபோல் ஆள்மேல் ஆள் மோதாத ஆட்டம் வேண்டும் என்றுதான். கற்றுக்கொடுப்பதும் அப்படியே நடக்கும். ஸ்மாஷுக்குக் காலடி வைப்பதைச் செய்து காட்டலாம், தரையில் சுண்ணாம்பால் பாதம் வரையலாம், பந்தைக் கயிற்றில் தொங்கவிட்டுக் குதிக்கச் சொல்லலாம். அண்டர் ஆர்ம் பாஸில் எப்போதாவது முன்கையைத் திருத்த வேண்டி வரும். அப்போதும் "கையைத் தொட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டு, எல்லோர் முன்னிலையிலும், மணிக்கட்டில். இடுப்பு, மார்பு, தொடை எந்தத் திருத்தத்துக்கும் வேண்டாம்.

உங்கள் மகளுக்குப் பிடிக்கவில்லை என்பது ஒன்றே போதும். முதலில் அவளிடம் "நீ சொன்னது நல்லது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். "நீ ஏன் அப்பவே சொல்லலை?", "அந்த டிரெஸ் ஏன் போட்டே?" என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவள் சொன்னதை, தேதியோடு அவள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அவரை நேரில் போய் மிரட்டவோ சமாதானம் பேசவோ வேண்டாம். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழ்நாட்டில் மாணவர்களுக்கான 14417-க்கும் பேசலாம், காவல் நிலையத்துக்கும் போகலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பையன்களையும் பெண்களையும் 18 வயது வரை பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிறது. குழந்தையின் பெயரும் அடையாளமும் வெளியே வரக் கூடாது என்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸிடம் சொல்லாமல் மறைப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. தன்கீழ் வேலை செய்பவரைப் பற்றி ஒரு நிறுவனத்தின் தலைமை மறைத்தால் ஓராண்டு வரை. "பள்ளிப் பேர் கெட்டுவிடும்" என்று அமுக்குகிற தலைமை ஆசிரியர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். மகளை விளையாட்டிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். தவறு செய்தவர் மைதானத்தில் இருக்க, அவள் வீட்டில் அடைந்து கிடக்கும்படி ஆகிவிடக் கூடாது. வேறு இடம் பாருங்கள். சேர்க்குமுன் கேளுங்கள்: வெளியூர்ப் போட்டிக்குப் பெண் ஆசிரியர் வருகிறாரா, கோச் பிள்ளைகளுக்குத் தனியாக இரவில் மெசேஜ் அனுப்புவதுண்டா, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாமா. இதற்கு எரிச்சல்படுகிற இடம் வேண்டாம்.

என் மகன் டீமில் உள்ள ஒரு பையனுக்கு எச்.ஐ.வி. என்று ஊரில் பேச்சு. ஒரே பந்து, ஒரே தண்ணீர் பாட்டில். அவனை நீக்கச் சொல்லலாமா?
(ஒரு பெற்றோர், ஈரோடு)

கூடாது. வியர்வை, எச்சில், பந்து, பாட்டில், கட்டிப்பிடித்துக் கொண்டாடுவது, எதாலும் எச்.ஐ.வி. பரவாது. ரத்தம், விந்து, யோனித் திரவம், தாய்ப்பால் வழியாகத்தான் பரவும். இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டறிந்ததே நம் சென்னையில்தான், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும். பயத்தால் ஒதுக்குவதைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தவர் சுனிதி சாலமன்.

யாருக்குக் காயம்பட்டு ரத்தம் வந்தாலும் ஆட்டத்திலிருந்து வெளியே வந்து, கழுவி, கட்டுப்போட்ட பிறகே உள்ளே போக வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே விதி. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எச்.ஐ.வி. உள்ளவரைக் கல்வியில் பாகுபடுத்துவதைத் தடைசெய்கிறது, ஒருவரின் நிலையை அனுமதியின்றி வெளியிடுவதையும் தடைசெய்கிறது. இந்தப் பேச்சை உங்களோடு நிறுத்திவிடுங்கள். அந்தப் பிள்ளை ஆடட்டும்.

பந்து பட்டு விரல் வீங்கினால் இழுத்துச் சொடுக்கெடுத்தால் சரியாகுமா?
(பத்தாம் வகுப்பு மாணவன், கடலூர்)

இழுக்காதே. எலும்பு கீறியிருந்தால் விலகிவிடும். துணியில் ஐஸ் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வை, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டு. விரல் கோணலாக இருந்தாலோ, நுனி தொங்கி நிமிர்த்த முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடு.

டீமில் ஷார்ட்ஸ் போடச் சொல்கிறார்கள். கூச்சத்தால் நான்கு பெண்கள் நின்றுவிட்டார்கள். என்ன செய்வது?
(உடற்கல்வி ஆசிரியை, சிவகங்கை)

உள்ளூர்ப் போட்டி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே பேசி, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டிராக் பேண்ட், கொஞ்சம் தளர்வான ஜெர்சி வாங்கிவிடுங்கள். கறுப்பு அல்லது கருநீலம் நல்லது, மாதவிடாய் நாளில் கறை பயம் இருக்காது. மார்பு வளரத் தொடங்கிய பிள்ளைகள் குதிக்கும்போது வலியாலும் கூச்சத்தாலும் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள், அதனாலேயே கை முழுசாக உயராது. இறுக்கமான விளையாட்டு உள்ளாடை பற்றி அம்மாக்களிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அந்த நான்கு பேரையும் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள், வருவார்கள்.

எனக்கு சர்வீஸ் நெட்டைத் தாண்டவே மாட்டேங்குது மிஸ். எல்லாரும் திட்டுறாங்க.
(ஏழாம் வகுப்பு மாணவி, ராமநாதபுரம்)

எண்ட் லைனிலிருந்து நெட்டுக்கு 9 மீட்டர் கண்ணு. உன் வயதுக்கு அது தூரம்தான். நாளைக்கு நெட்டிலிருந்து ஐந்து காலடி தள்ளி நின்று ஆரம்பி. வலக்கைக்காரியாக இருந்தால் இடது கால் முன்னே. பந்தை இடது கையில் இடுப்பு உயரத்தில் வைத்துக்கொள். உயரே தூக்கிப் போடாதே, லேசாகக் கையிலிருந்து விடு, விடாமல் கையில் வைத்தபடியே அடித்தால் தப்பு என்று விசில் ஊதுவார்கள். வலது கையைப் பின்னாலிருந்து ஊஞ்சல்போல் கொண்டுவந்து, உள்ளங்கையின் அடிமேட்டால் பந்தின் அடியில் அடி. அடிக்கும்போது உடம்பின் பாரம் பின்காலிலிருந்து முன்காலுக்கு வர வேண்டும். அங்கிருந்து தொடர்ந்து தாண்டினால் ஓரெட்டு பின்னால் போ. மூன்று நாள் தாண்டாவிட்டாலும் முன்னே வந்து தொடங்கலாம், வெட்கம் இல்லை. விசில் ஊதியபின் எட்டு விநாடி இருக்கிறது, அவசரப்படாமல் மூச்சு விட்டுக்கொள். திட்டுகிறவர்களிடம் நான் சொன்னதாகச் சொல், புள்ளி போனால் அடுத்த பந்துக்குத் தயாராவதுதான் டீமின் வேலை. இத்தனைக்குப் பிறகும் வரவில்லையென்றால் மறுபடி எழுது. பந்து வலப்பக்கம் போகிறதா, இடப்பக்கமா, நெட்டின் கீழேயா என்பதையும் பார்த்து எழுது.